அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்கு பெங்களூரில் எங்கே வைத்தியம் பார்ப்பது?

"கவுன்சலிங் போதுமா, டாக்டர்கிட்டயே போகணுமா, இல்ல கொஞ்ச நாள் எங்கேயாவது ஹாஸ்டல்ல போட்டுடலாமா அக்கா?"

அல்சூரில் எங்கள் தெருப் பெண்களும், அவர்கள் சொல்லி வரும் ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பெண்களும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினாலு வயது இருக்கும். ஸ்கூலிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ராத்திரி தூங்குவதில்லை. அப்பாவை எதிர்த்துக் கை ஓங்கிவிட்டான், அல்லது கதவைப் பூட்டிக்கொண்டு கையைக் கீறிக்கொள்கிறாள். இரண்டு மூன்று தடவை பேசி, டீ ஆறிப்போன பிறகுதான் அடுத்த விஷயம் வெளியே வரும். சின்ன வயதிலிருந்தே வீட்டில் பெல்ட் அடி. அல்லது சொந்தத்தில் ஒருவன் செய்த அசிங்கம். அல்லது பிறந்ததிலிருந்தே "நீ ஏன்டா பிறந்தே" என்ற பேச்சு.

நான் டாக்டர் இல்லை. என் அண்ணன் மகன் பதினாலு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஐந்து வயதிலிருந்து அண்ணனிடம் அடி வாங்கியவன். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழியிலும் நாங்கள் நடந்து பார்த்துவிட்டோம், தப்பான வழியிலும்தான். இப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. எழுதட்டுமா என்று கேட்டேன். "பேர் போடாதீங்க அத்தை, ஹாஸ்டல் விஷயத்தை மட்டும் விடாம எழுதுங்க" என்றான்.

முதலில் ஒரு அவசர விஷயம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, அதற்கு முயன்றிருந்தாலோ, எது நல்ல வழி என்று ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் காசில்லாமல் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

பீஸ் எவ்வளவு, எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது கேட்டால் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதல் கேள்வி: அங்கே யாராவது பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார்களா? அடி வாங்கி வளர்ந்த பிள்ளை எந்நேரமும் உஷாராகவே இருக்கும். சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடும், பாடத்தில் கவனம் நிற்காது, ஓரிடத்தில் உட்காராது. வெளியிலிருந்து பார்த்தால் கவனக்குறைவு நோய் மாதிரியே தெரியும். கோபம் வந்தால் "கெட்ட பையன்" என்ற பெயர். பின்னால் இருக்கும் கதையைக் கேட்காமல் செய்யும் வைத்தியம், கூரை ஒழுகுவதை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2012இல் ஒரு கட்டுரை வந்தது. அப்படி வளர்ந்தவர்களுக்கு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவதும் நீடிப்பதும் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றும், வழக்கமான சிகிச்சைக்கு அவர்கள் குணமாவது குறைவு என்றும் அது சொன்னது. அதனால் "மூணு மாசமா மாத்திரை கொடுக்கிறோம், மாறவே இல்லை" என்றால் பிள்ளை மேல் பழி போடாதீர்கள்.

இரண்டாவது: வீட்டையும் சேர்த்துப் பார்ப்பார்களா? அடித்த கை இன்னும் அடித்துக்கொண்டிருந்தால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. மத்திய அரசு 2007இல் 13 மாநிலங்களில் எடுத்த குழந்தைக் கொடுமை ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல் ரீதியாக அடிபட்டிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் பெரும்பாலோரை அடித்தது அம்மா அப்பாதான்.

மூன்றாவது, ஆறு மாதமாவது விடாமல் போக முடியுமா. நான்காவது, மொழி. ஐந்தாவது, பிள்ளை சொன்னது யார் யார் காதுக்குப் போகும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் டாக்டராகத் தேடித் தேடிப் பிடித்தேன். ஆனால் பையன் தமிழில் வாயே திறக்கவில்லை. அடியும் திட்டும் அவனுக்குத் தமிழில்தான் நடந்தன. கடைசியில் ஸ்கூல் இங்கிலீஷில், நடுவே கன்னடம் கலந்து சொன்னான். அண்ணிக்கோ தமிழைத் தவிர எதுவும் வராது. ஆக, தமிழ் வேண்டியிருந்தது எங்களுக்குத்தான், அவனுக்கு இல்லை. உங்கள் பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறது, எந்த மொழியில் நண்பர்களோடு பேசுகிறது என்று கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## கவுன்சலர் மட்டும்

பக்கத்திலேயே கிடைப்பார், வெட்கம் குறைவு, ஸ்கூலில் என்றால் காசும் இல்லை. தொந்தரவு புதிதாக, லேசாக இருந்து, வீட்டில் அடி நின்றுபோயிருந்தால் இதுவே போதுமானதாக இருக்கலாம். பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு கவுன்சலர் இருந்தால் அந்த உறவை வைத்தே அடுத்த படிக்கும் போகலாம்.

சிக்கல், கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்பதுதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மாத்திரை எழுதாமல் பேச்சு சிகிச்சை தரும் மனநல நிபுணர் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை. நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாங்கள் முதலில் போன கவுன்சலர் எதையும் விசாரிக்கவில்லை. பையனையும் அண்ணனையும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார வைத்து, "அப்பாதானே, உன் நல்லதுக்குத்தானே, ஸாரி சொல்லு" என்றார். அவன் சொன்னான். அதற்குப் பிறகு ஆறு மாதம் எந்த அறையிலும் எதையும் சொல்லவில்லை. அந்த ஆறு மாதம்தான் நாங்கள் கொடுத்த பெரிய விலை. முதல் செஷனிலேயே அடித்தவரோடு சேர்த்து உட்கார வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கூல் கவுன்சலரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சொல்வதில் எது பிரின்சிபால் வரை போகும்? சொன்ன விஷயத்துக்காக டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொன்ன ஸ்கூல் ஒன்றை எனக்குத் தெரியும்.

## தனியார் டாக்டரும் சைக்காலஜிஸ்டும்

வசதி என்ன என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போகலாம், காத்திருப்பது குறைவு, எப்போதும் ஒரே முகம். கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. தன் கதையை ஒரு தடவை சொல்லவே உயிர் போகிற பிள்ளைக்கு, மாறாத ஒரு ஆள் கிடைப்பது பெரிது.

ஆனால் பத்து நிமிடம் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடும் இடங்களும் உண்டு. மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2004இல் அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள 439 பதின்வயதினரை வைத்து நடந்த டாட்ஸ் ஆய்வில், ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. பேச்சு சிகிச்சையும் சேர்த்துக் கிடைத்தவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 61, பேச்சு சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களில் 43. சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரை கைகொடுக்கும். ஆனால் பழைய சம்பவம் கண் முன்னால் வந்து வந்து போவது, கெட்ட கனவு, திடுக்கிடல் இவைதான் முக்கியத் தொந்தரவு என்றால், குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் அதற்காக மனச்சோர்வு மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது. அதற்கு அது முன்வைத்தது, பழைய காயத்தையே மையமாக வைத்த ட்ராமா ஃபோகஸ்டு சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும், கண்ணை இடவலமாக அசைத்தபடி பழைய சம்பவத்தை நினைக்க வைக்கும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும். இந்த சி.பி.டி. வழக்கமாகப் பன்னிரண்டு முதல் பதினாறு செஷன். அடிக்காத பெற்றோரையும் கூடவே பழக்கும். போன் செய்யும்போதே "இதைச் செய்யப் பயிற்சி உள்ளவர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். டாக்டரும் சைக்காலஜிஸ்டும் ஒரே இடத்தில் இருந்து, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்றால் இன்னும் நல்லது.

இந்த மாத்திரைகளை ஆரம்பித்த முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று 2004இலிருந்து மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. டாக்டர் இதைச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

செலவு? நாங்கள் ஒரு செஷனுக்கு 1,200 ரூபாய் கொடுத்தோம். பதினாறு செஷனுக்கு 19,200. அது போக ஆட்டோ. மனநலச் சிகிச்சைக்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் படுக்கையில் சேர்க்காமல் வந்து போகும் கவுன்சலிங்குக்குப் பெரும்பாலான பாலிசிகள் காசு தருவதில்லை. நாலு செஷனோடு காசு தீர்ந்து நிற்பதுதான் இதில் அதிகம் நடப்பது. ஆழமான காயத்தைத் திறந்துவிட்டு நடுவில் நிறுத்துவது, திறக்காமலே இருந்ததைவிடப் பிள்ளைக்குக் கஷ்டம். பதினாறு செஷனுக்கும் காசு கணக்குப் போட்டுவிட்டுத்தான் முதல் செஷனுக்குப் போங்கள்.

## நிம்ஹான்ஸ்

காசு இல்லாதவர்கள் போகும் இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் கருத்து நேர் எதிர். விஷயம் சிக்கலாக ஆக ஆக இங்கேதான் போக வேண்டும். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறையே இருக்கிறது. சைக்கியாட்ரிஸ்ட் என்ற மனநல டாக்டர், சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர் மூன்று பேரும் ஒரே பிள்ளையைப் பார்ப்பார்கள். அதில் சமூகப் பணியாளரைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும், அம்மாவின் நிலைமையைக் கேட்பதும், ஸ்கூலுக்குக் கடிதம் கொடுப்பதும் அவர்கள் வேலை. என் அண்ணனிடம் "உங்களை உங்க அப்பா அடிச்சாரா?" என்று முதல் முதலாகக் கேட்டது அப்படி ஒரு பெண்தான். ஐம்பது வயது மனிதர் வராண்டாவில் உட்கார்ந்து அழுதார்.

கட்டணம் மிகக் குறைவு, பி.பி.எல். கார்டு இருந்தால் சலுகையும் உண்டு. படுக்கையில் சேர்க்க வேண்டி வந்தால் வீட்டில் ஒருவர் கூடவே தங்குவார்கள்.

மறைந்திருக்கும் விலை, நேரம். கர்நாடகா மட்டுமல்ல, ஆந்திரா, தமிழ்நாடு, வங்காளம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவதால், காலையில் போனால் ஒரு நாள் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி பொம்மனஹள்ளி பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. ஒரு நாள் லீவு என்றால் அன்றைய கூலியோடு அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். அதையும் செலவில் சேர்த்தால் தனியாருக்கும் இதற்கும் வித்தியாசம் நினைத்த அளவு இல்லை. அப்புறம், மருத்துவம் கற்றுத் தரும் எந்த ஆஸ்பத்திரியிலும் பயிற்சி டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும். "பைலைப் பாருங்க டாக்டர், அவனைத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க" என்று பெற்றவர்கள் சொல்லலாம், கேட்பார்கள்.

இன்னொன்று, பேர். இந்த ஊரில் "உன்னை நிம்ஹான்ஸுக்குத்தான் அனுப்பணும்" என்பதே ஒரு வசவு. உங்கள் பிள்ளை அந்த கேட்டைத் தாண்ட மறுத்தால், பி.டி.எம். லேஅவுட்டில் அவர்களே நடத்தும் வெல்பீயிங் சென்டரில் தொடங்கலாம். அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்காது.

## ஹாஸ்டல், "திருத்தும்" இல்லம்

களைத்துப்போன குடும்பத்துக்கு இதுதான் கவர்ச்சியாகத் தெரியும். "மூணு மாசம் எங்ககிட்ட விடுங்க, ஆளே மாறிடுவான்" என்பார்கள். நாங்களும் அந்தப் பேச்சில் விழுந்தோம். பையனுக்குப் பதினைந்து வயது. நகரத்துக்கு வெளியே ஓர் இடம். முதல் இரண்டு மாதம் பெற்றோர் வரக் கூடாது என்றார்கள். நாலு மாதம் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். எதிர்த்துப் பேசவில்லை, சத்தம் போடவில்லை. "அடங்கிட்டான் பாரு" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், தண்ணீர் குடிக்கக்கூட என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டான். கழிவறைக்குப் போகவும் கேட்டான். வீட்டில் அடி வாங்கிய பிள்ளையை வேறொரு அடிக்கும் கையில் காசு கொடுத்து ஒப்படைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

சட்டத்தில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 2017 மனநலச் சட்டத்தின் 87ஆவது பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே விதிவிலக்கான சூழ்நிலையில்தான். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பாதுகாவலரோ துணைக்கு ஒருவரோ தங்கும் காலம் முழுவதும் கூடவே இருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் துணைக்குப் பெண்தான். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆகவே ஒரே கேள்வி கேளுங்கள்: "கூட ஒருத்தர் தங்கலாமா?" கூடாது என்று சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கோயில், தர்கா, ஜெபக் கூட்டம் பற்றியும் கேட்கிறார்கள். மனசுக்கு ஆறுதல் கிடைத்தால் போய் வாருங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, கட்டிப்போட்டாலோ, அடித்தாலோ அந்த நிமிடமே பிள்ளையைக் கூட்டி வந்துவிட வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் ஓடக்கூட முடியாமல் செத்ததை நம்மவர்கள் மறந்திருக்க முடியாது. சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டமே தடுக்கிறது.

## ஊரில் பாட்டி வீடு

இதை வைத்தியமாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு இதுதான் முதல் வைத்தியம். அடிக்கிறவர் மாறவே மாட்டார், அம்மாவால் தடுக்க முடியவில்லை, அன்பான பாட்டியோ சித்தியோ இருக்கிறார்கள் என்றால், பிள்ளையை அங்கே மாற்றுவதே மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும். எங்கள் வீட்டுக்கு அவன் வந்த முதல் மாதத்திலேயே தூக்கம் கொஞ்சம் திரும்பியது, அப்போது எந்த டாக்டரையும் பார்த்திருக்கவில்லை. கூடவே சிகிச்சையும் வேண்டும். வட தமிழ்நாடு என்றால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநலப் பிரிவில் குழந்தைகளுக்குத் தனியாகப் பார்க்கிறார்கள். சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது.

இதன் விலை படிப்பு. கன்னடம் எடுத்துப் படித்த பிள்ளை நடு வருடத்தில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாறித் திணறும். அதோடு, தப்பு செய்தது தான்தான், அதனால்தான் வீட்டைவிட்டு அனுப்பினார்கள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். "நீ தப்புப் பண்ணலை, உன்னைக் காப்பாத்தத்தான் அனுப்புறோம்" என்று அம்மா வாயாலேயே, ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்ல வேண்டும். தொந்தரவு கொடுத்தவன் ஊர்ச் சொந்தத்திலேயே இருந்தால் இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

## பாலியல் கொடுமை என்றால்

எந்த வழியில் போனாலும் இது மாறாது. 2012 போக்சோ சட்டப்படி, பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நடந்தது தெரிய வந்தால் டாக்டர், கவுன்சலர், டீச்சர், ஏன் நானும் நீங்களும்கூட, போலீஸில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. "வெளியே சொல்லாதீங்க மேடம்" என்று கவுன்சலரைக் கெஞ்சுவதில் பலனில்லை. சரி என்று தலையாட்டுகிறவரை நம்பவும் முடியாது.

இதைப் படித்துவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள், தயாராகப் போங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடிய வரை பெண் அதிகாரிதான் எடுக்க வேண்டும். பேரும் முகமும் வெளியே வரக் கூடாது. பெங்களூரில் என்ஃபோல்ட் அறக்கட்டளை இந்த விஷயத்தில் பல வருடமாக வேலை செய்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் போன் செய்யலாம். பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னா சிலர்கிட்ட இதைச் சொல்ல வேண்டி வரும், நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்." தெரியாமல் சொல்லிவிட்டு, பிறகு போலீஸைப் பார்க்கிற பிள்ளை தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கும்.

## எங்கள் வரிசை

இன்று முதலிலிருந்து தொடங்கினால் இப்படிச் செய்வேன்: அன்றே 14416க்கு ஒரு போன். அந்த வாரமே பிள்ளைக்கு அடி விழாத வீடு. அப்புறம் நிம்ஹான்ஸில் முழுதாக ஒரு தடவை பார்த்து என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்வது. வாராவாரம் பேசுவதற்கு, காசு இருந்தால் பக்கத்தில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இல்லையென்றால் அங்கேயே தொடர்வது. இரண்டையும் கலந்து செய்வதில் தப்பில்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்டினால் போதும்.

எங்கே போனாலும் ஒரு பக்கத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எந்த வயதில் என்ன நடந்தது, யார், எவ்வளவு நாள், இப்போது தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்னென்ன மாத்திரை. பரபரப்பான ஓ.பி.யில் வாயால் சொல்ல வராது, பக்கத்தில் ஆள் இருப்பார்கள். தாளை டாக்டர் கையில் நீட்டினால் போதும். எழுதி முடித்ததும் முதலில் பிள்ளையிடம் படிக்கக் கொடுங்கள். எங்கள் பையன் வாங்கிப் படித்துவிட்டு, நாங்கள் போட்டிருந்த ஒரு வருடத்தை அடித்துத் திருத்தினான். கீழே இரண்டு வரி அவனே சேர்த்து எழுதினான்.